துன்புற்றோர்க்கு உரியது யாது? – கட்டுரை காதை காட்டும் மூன்று மகளிர்

சிலப்பதிகாரத்தைக் கற்பிப்போரும் கற்போரும் வழக்குரை காதையைக் காப்பியத்தின் உச்சமாகக் கொள்வது இயல்பாகிவிட்டது. பள்ளி மேடைகளில் நடிக்கப்படுவது அக்காட்சியே. 1968ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட சிலையும் சிலம்பேந்திய கண்ணகியையே காட்டுகிறது. சிலம்பு உடைகிறது, மாணிக்கப் பரல் தெறிக்கிறது, மன்னன் அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் துறக்கிறான். அத்துடன் நீதி நிறைவேறிவிட்டது என்னும் எண்ணம் மாணவர் உள்ளத்தில் பதிந்துவிடுகிறது.

பதிகம் கூறும் மூன்று உண்மைகளும் இவ்வெண்ணத்திற்கு அரண் செய்வனபோல் தோன்றுகின்றன. ஆட்சியில் தவறியவரை அறமே ஒறுக்கும் என்பது முதல் உண்மை. கற்புடையாளை உயர்ந்தோர் போற்றுவர் என்பது இரண்டாவது. முன்வினை வந்து பயன் தரும் என்பது மூன்றாவது. தேர்வு விடைகளில் இம்மூன்றும் தவறாமல் இடம் பெறுகின்றன. ஆயினும், இவற்றுள் முதலாவது தவறிழைத்தவனைப் பற்றியது. இரண்டாவது போற்றுவோரைப் பற்றியது. மூன்றாவது ஊழைப் பற்றியது. இழந்தவர்க்கு உரியது யாது என்னும் வினாவுக்கு இம்மூன்றனுள் எதுவும் நேரடியாக விடை கூறவில்லை.

அவ்வினாவுக்குரிய விடையை இளங்கோவடிகள் வேறோர் இடத்தில் வைத்துள்ளார். மதுரை எரியுண்டபின் வரும் கட்டுரை காதையே அவ்விடம். வகுப்பறையில் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடப்படும் இக்காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குப் பழைய நிகழ்ச்சிகள் சிலவற்றை எடுத்துரைக்கிறது. அவற்றுள் இரண்டு, கணவனை அரசு பற்றிக் கொண்டமையால் கதறிய இரு மனைவியரின் வரலாறுகள். கேட்டு நிற்பவளோ மூன்றாமவள். நீலி, கார்த்திகை, கண்ணகி ஆகிய இம்மூவரையும் ஒருசேர வைத்து நோக்கினால், தண்டனை வேறு, துன்புற்றோர்க்குச் செய்யும் ஈடு வேறு என்பதைக் காப்பியம் தெளிவாக அறிந்திருந்தது என்பது புலனாகும்.

கேட்பாரற்ற குரல்

கலிங்க நாட்டில் சிங்கபுரத்தை வசு என்பவனும், கபிலபுரத்தைக் குமரன் என்பவனும் ஆண்டனர், இருவரும் பகைவர். சங்கமன் என்னும் வணிகன் தன் மனைவி நீலியுடன் வந்து சிங்கபுரத்துக் கடைத்தெருவில் அணிகலன் விற்றான். அரசனிடம் பணிபுரிந்த பரதன் என்பவன் அவனைப் பகைநாட்டு ஒற்றன் எனப் பற்றி, மன்னனுக்குக் காட்டிக் கொலை செய்வித்தான். அந்தப் பரதனே மறுபிறப்பில் கோவலன் ஆயினான் என்கிறது தெய்வம்.

நீலி என்ன செய்தாள்? தெருவிலும் கடைவீதியிலும் அலைந்து, அரசனையும் ஊராரையும் விளித்து, இது முறையாகுமா என்று முறையிட்டாள். பதினான்கு நாள்கள் அவ்வாறு அலைந்தாள். விடை கூறுவார் ஒருவரும் இலர். இறுதியில் ஒரு மலையுச்சியில் ஏறி, தமக்கு இத்துன்பம் செய்தோர் இதே துன்பத்தை அடைவாராக எனச் சாபமிட்டு, கீழே வீழ்ந்து உயிர் நீத்தாள்.

கண்ணகிக்கும் நீலிக்கும் உள்ள ஒற்றுமைகள் தற்செயலானவை அல்ல. இருவர் கணவரும் வேற்றூரில் அணிகலன் விற்கச் சென்றவர். இருவரும் பொய்ப்பழியால் மாண்டவர். இருவர்க்கும் தீர விசாரணை நிகழவில்லை. வேறுபாடு ஒன்றே. கண்ணகியின் கையில் மற்றொரு சிலம்பு இருந்தது. நீலியின் கையில் ஒன்றுமில்லை. சான்று காட்ட இயலாத ஒருத்தியின் துயரைக் கேட்க அந்நாட்டில் வாயிலே திறக்கவில்லை.

ஊழ் என்னும் கருத்தைக் கற்பிக்கும்போது இவ்விடத்தில் ஒரு தவறு நேர்வதுண்டு. கோவலன் முற்பிறப்பில் செய்த தீவினையின் பயனை நுகர்ந்தான் என்று கூறி முடித்துவிட்டால், துன்புற்றவனே துன்பத்திற்குக் காரணன் என்னும் பொருள் எஞ்சும். இன்றும் குற்றத்திற்கு இரையானவரை நோக்கி, அந்நேரத்தில் அங்கு ஏன் சென்றாய், முன்பே ஏன் கூறவில்லை என்று வினவும் உலகம் இதே பிழையைத்தான் செய்கிறது. ஆனால், நீலியின் கதையை அவள் பக்கம் நின்று படித்தால் வேறொரு பொருள் கிடைக்கிறது. தலைமுறை கடந்து வந்து மதுரையை எரித்தது தீர்க்கப்படாத ஒரு முறையீடு. சிங்கபுரத்தில் ஒருவர் செவி சாய்த்திருந்தால் அச்சாபத்திற்கே இடமிருந்திருக்காது. இளங்கோவடிகள் கூறும் ஊழின் உள்ளே, கேட்கப்படாத ஒரு பெண்ணின் குரல் அடங்கியிருக்கிறது.

ஈடு செய்யப்பட்ட இழப்பு

இரண்டாமவள் கார்த்திகை. பாண்டிய நாட்டுத் தங்கால் என்னும் ஊரில் வாழ்ந்த வார்த்திகன் என்னும் அந்தணனின் மனைவி. சேர மன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பராசரன் என்பவன் அவ்வூரில் தங்கியபோது, வார்த்திகனின் இளமகன் தக்கிணன் மழலை மாறா வாயால் மறையைப் பிழையின்றி ஓதக் கேட்டு மகிழ்ந்து, அணிகலன்களை அவனுக்கு அளித்துச் சென்றான். அவ்வீட்டில் திடீரெனத் தோன்றிய செல்வத்தைக் கண்ட அரச ஊழியர், புதையலைக் கவர்ந்து கொண்டான் என வார்த்திகனைச் சிறையிலிட்டனர்.

கார்த்திகை நிலத்தில் வீழ்ந்து புரண்டு அழுதாள். அதனைக் கண்டு ஐயை கோயிலின் கதவு திறவாது நின்றது. செய்தி கேட்ட பாண்டியன் தன் ஆட்சியில் எங்கோ முறை பிறழ்ந்தது என உணர்ந்து உசாவினான், நடந்ததை அறிந்தான். அதன்பின் அவன் செய்தவை ஊன்றி நோக்கத்தக்கவை.

முதலாவதாக, வார்த்திகனை விடுவித்தான். இரண்டாவதாக, தவறு தன் ஊழியருடையது என ஒதுங்காமல், தன் ஆட்சியின் பிழை என ஏற்று, பொறுத்தருளுமாறு வேண்டினான். நிலத்தில் வீழ்ந்தே வணங்கினான். மூன்றாவதாக, தங்காலையும் விளைவு மிக்க வயலூரையும் அவனுக்கு வழங்கினான். நான்காவதாக, சிறைக் கோட்டங்களைத் திறந்துவிடுமாறும், இறை செலுத்த வேண்டியோரின் கடனை நீக்குமாறும், புதையல் அதனைக் கண்டெடுத்தவர்க்கே உரியதாகுக எனவும் முரசறைவித்தான். இம்முரசறைதலுக்கு முன்னரே, அவன் ஊர்களை வழங்கி வீழ்ந்து வணங்கியபோது கோயிற் கதவு திறந்தது.

இந்நான்கையும் வரிசைப்படுத்தினால் ஒரு முழுமையான நெறி கிடைக்கிறது. தவறான நிலையை மாற்றுதல், பிழையை ஏற்று வருந்துதல், இழப்பை ஈடு செய்தல், மீண்டும் அத்தவறு நேராவண்ணம் விதியையே திருத்துதல் என்பன அவை. புதையல் பற்றிய ஆணை இங்கே சிறப்பாக நோக்கத்தக்கது. வார்த்திகன் ஒருவன் விடுதலை பெற்றதோடு செய்தி முடியவில்லை. எக்குற்றச்சாட்டைக் காட்டி ஊழியர் அவனைப் பற்றினரோ, அக்குற்றச்சாட்டிற்கே இனி இடமில்லாதவாறு செய்யப்பட்டது. இத்தனைக்கும் நடுவே அவ்வூழியர் தண்டிக்கப்பட்டதாக ஒரு சொல்லும் இல்லை. கவிஞரின் கண் முழுவதும் துன்புற்றவன்மேலேயே நிற்கிறது.

எனினும், இக்கதையில் ஒரு குறையும் உண்டு. மன்னனை எழுப்பியது கார்த்திகையின் அழுகை அன்று, திறவாத கதவு. தெய்வம் குறி காட்டியிராவிடின் அவளும் நீலியைப் போலவே தெருவில் நின்றிருப்பாள். துன்புற்றோர்க்கு உரிய ஈடு, அரசனின் அருளையோ தெய்வத்தின் குறியையோ சார்ந்து நிற்குமாயின் அது கொடையே அன்றி உரிமையாகாது.

வென்றும் பெறாதவள்

மூன்றாமவள் கண்ணகி. அவளுக்கு நீலிக்குக் கிட்டாத ஒன்று கிட்டியது. வாயிலோன் அவள் வரவை அறிவித்தான். மன்னன் வரவிடுமாறு பணித்தான். அவையில் தன் பெயரும் ஊரும் கூறி, வழக்குரைத்து, சான்று காட்டி வென்றாள். நீதிமன்றத்தில் துன்புற்றோர் தம் வாயால் பேசும் உரிமை பற்றி ஆராய்வோர்க்கு வழக்குரை காதையினும் சிறந்த காட்சி தமிழில் இல்லை.

ஆயினும், வென்ற பின்னர் அவள் நிலை யாது? ஊர்சூழ் வரியில் அவள் மதுரை வீதிகளில் நின்று, இவ்வூரில் பெண்டிர் உளரா, சான்றோர் உளரா, தெய்வம் உண்டா என வினவினாள். மக்கள் அவளுக்காக வருந்தினர். மன்னனின் கோல் வளைந்தது எனத் தமக்குள் பேசினர். கொலையுண்ட கணவனைக் காட்டினர். ஆனால், அவளுடன் அரண்மனை வாயில் வரை நடந்து சென்றவராக ஒருவரும் காட்டப்படவில்லை. இரக்கம் இருந்தது, துணை இல்லை. கணவனோடு கீழ்த்திசை வாயிலில் புகுந்தவள், தனியளாய் மேற்றிசை வாயிலில் வெளியேறினாள். வையைக் கரை வழியே சென்று குன்றம் ஏறி, வேங்கை மர நிழலில் நின்றாள். பதினான்கு நாள்கள் கழிந்து விண்ணுலகு புகுந்தாள். நீலி அலைந்ததும் பதினான்கு நாள்களே என்பதை மாணவர் நினைவிற் கொள்ளல் வேண்டும். மன்னன் உயிரைக் கொடுத்தும் கண்ணகியின் நாள்கள் நீலியின் நாள்களினின்று வேறாகவில்லை.

மன்னனின் இறப்பு பெருந்தன்மையுடையது என்பதில் ஐயமில்லை. தன் பிழையை உணர்ந்த அக்கணமே உயிர் துறந்தவன் அவன். ஆனால், வார்த்திகனுக்கு ஈடு செய்த மன்னன் உயிரோடிருந்து அதனைச் செய்தான். நெடுஞ்செழியனின் இறப்பு அவனுடைய புகழைக் காத்தது. கண்ணகிக்கு ஒரு வேளை நிழலையும் தரவில்லை.

பாண்டிய அரசு அதன்பின் செய்தது இதனினும் கொடியது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சினம் தணிய, ஒரே பகலில் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலி கொடுத்தான். சிலம்பைத் திருடியவன் ஒருவன், மாண்டவரோ ஆயிரவர். ஒரு குடும்பத்தின் துயரைத் தீர்க்கும் பெயரில் ஆயிரம் குடும்பங்கள் புதிதாகத் துயருற்றன. மழை பொழிந்து நாடு செழித்தது என்று காப்பியம் கூறினாலும், இன்றைய ஆசிரியர் இப்பகுதியை வினாவின்றிக் கடந்துவிடலாகாது. துன்புற்றோர் பெயரால் நிகழும் பழிவாங்கல், துன்புற்றோர்க்குச் செய்யும் ஈடாகாது என்பதற்கு இதுவே சான்று.

துன்பத்தின் வட்டம்

ஒரு குற்றம் எத்தனை பேரைச் சென்று தாக்குகிறது என்பதை இளங்கோவடிகள் கணக்கிட்டே காட்டியுள்ளார். நீர்ப்படைக் காதையில் கங்கைக் கரையில் மாடலன் செங்குட்டுவனிடம் கூறும் செய்தி அக்கணக்கு. அடைக்கலம் தந்த மாதரி, தன்பால் ஒப்படைக்கப்பட்டோரைக் காக்க இயலாமற் போயிற்றே என எரியில் வீழ்ந்தாள். கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார். கோவலனின் தாயும் கண்ணகியின் தாயும் துயரால் இறந்தனர். மாசாத்துவான் தன் பொருளைத் தானமாக்கிப் பௌத்தத் துறவியரைச் சேர்ந்தான். மாநாய்கன் ஆசீவகரைச் சேர்ந்தான். மாதவி துறவு பூண்டாள். மணிமேகலையின் வாழ்வும் அதனால் திசை மாறியது.

இவருள் எவரும் மதுரைக் கொலைக்களத்தில் நின்றவர் அல்லர்; எவர்க்கும் அரசவையில் வழக்கில்லை. மாதரியின் நிலை சிறப்பாகக் கருதத்தக்கது. அவள் உறவினள் அல்லள். உதவ முன்வந்தமையால் மட்டுமே துன்பத்துள் சிக்கியவள். அவளையும் மறவாமல் பட்டியலிற் சேர்த்ததில் கவிஞரின் அறவுணர்வு வெளிப்படுகிறது.

இக்காலச் சட்டமும் காப்பியக் காட்சியும்

குற்றவியல் சட்டம் நெடுங்காலம் அரசுக்கும் குற்றவாளிக்கும் இடையிலான வழக்காகவே இயங்கி வந்தது. துன்புற்றவர் சாட்சியாக வந்து, சொல்லிவிட்டுச் செல்பவராகவே கருதப்பட்டார். 1950களில் இங்கிலாந்தில் மார்ஜரி பிரை அம்மையார் போன்றோர், துன்புற்றோர்க்கு அரசே இழப்பீடு வழங்க வேண்டும் என வாதிட்டனர். 1963இல் நியூசிலாந்து இதற்கெனச் சட்டம் இயற்றியது. 1964இல் பிரிட்டன் ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

1985ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவை, குற்றத்தாலும் அதிகார முறைகேட்டாலும் பாதிக்கப்பட்டோர்க்கு உரிய நீதி பற்றிய ஒரு பிரகடனத்தை ஏற்றது. நீதியை அணுகும் வாயிலும் மதிப்பான நடத்தையும், குற்றவாளி செய்யும் ஈடு, அரசு வழங்கும் இழப்பீடு, மருத்துவமும் மன ஆறுதலும் உள்ளிட்ட உதவி என நான்கு கூறுகளை அது வகுத்தது. பாதிக்கப்பட்டோர் என்னும் சொல்லுள் நெருங்கிய குடும்பத்தாரையும், உதவ முற்பட்டுத் துன்புற்றோரையும் அது அடக்குகிறது. அரசு ஊழியர் பதவியின் பெயரால் குற்றம் இழைத்தால் அவ்வரசே ஈடு செய்தல் வேண்டும் என்றும் கூறுகிறது. வாயில் மறுக்கப்பட்ட நீலியும், ஈடு பெற்ற வார்த்திகனும், உதவி செய்து மாண்ட மாதரியும் இப்பிரகடனத்தின் வரிகளிடையே தெரிகின்றனர்.

தமிழ் மாணவர் வாழும் நாடுகளிலும் இந்நெறி படிப்படியாக இடம்பெற்று வருகிறது. மலேசியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தொகுப்பில் 426ஆம் பிரிவு, தண்டனை பெற்றவர் பாதிக்கப்பட்டவர்க்கு இழப்பீடு செலுத்துமாறு ஆணையிட வழி செய்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தண்டனை விதிக்கப்படுமுன் பாதிக்கப்பட்டவரோ அவர் குடும்பத்தாரோ வேண்டினால், குற்றத்தால் தமக்கு நேர்ந்ததை நீதிமன்றத்தில் எடுத்துரைக்கலாம். சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 359ஆம் பிரிவு, இழப்பீட்டு ஆணை பிறப்பிக்கலாமா என்பதை நீதிமன்றம் கட்டாயம் கருதிப் பார்க்க வேண்டும் என்கிறது. ஆணை பிறப்பிக்காவிடின் காரணம் கூற வேண்டும் என 2018ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது.

இவ்விழப்பீடுகள் குற்றவாளி செலுத்துவன. குற்றவாளி அகப்படாதபோதோ, வறியவனாக இருக்கும்போதோ இவற்றால் பயனில்லை. அந்நிலைக்கென அரசே பொறுப்பேற்கும் முறை இந்தியாவில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் 357ஏ பிரிவாக வந்தது. தமிழ்நாட்டில் அதன்வழி 2013இல் தனித் திட்டம் வகுக்கப்பட்டது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 396ஆம் பிரிவாகத் தொடர்கிறது. குற்றவாளி யாரென அறியப்படாத நிலையிலும் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோரலாம் என்பது இதன் சிறப்பு. கையில் சிலம்பில்லாத நீலிக்கும் ஒரு வாயில் வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

ஒரு மறுப்பு

பழங்காப்பியத்துள் இக்காலச் சட்டத்தைத் தேடுதல் முறையா எனச் சிலர் வினவலாம். இளங்கோவடிகள் சட்டநூல் எழுதவில்லை என்பது உண்மை. கற்பின் பெருமையையும் ஊழின் வலிமையையும் பாடுவதே அவர் நோக்கம் என்பதும் மறுக்கத்தக்கதன்று. ஆனால், வார்த்திகன் கதையைக் கண்ணகியின் செவியில் போட வேண்டிய தேவை கவிஞர்க்கு ஏன் நேர்ந்தது என்பதை எண்ணுதல் வேண்டும். பாண்டியர் நன்முறை அரசர் என்று நிறுவுவதற்கே தெய்வம் அதனைக் கூறுகிறது. கூறக் கூற, கண்ணகிக்குச் செய்யப்படாதது எது என்பதும் தானே வெளிப்பட்டுவிடுகிறது. அரசின் புகழுக்குச் சான்றாக வந்த கதை, அவ்வரசைப் பற்றிய வழக்காகவும் மாறுகிறது. இவ்விரட்டைத் தன்மை பிற்காலத்தார் ஏற்றிய பொருளன்று. காதையின் அமைப்பிலேயே உள்ளது.

வார்த்திகன் உயிரோடிருந்தான், கோவலன் இறந்துவிட்டான், இறந்தவனுக்கு ஈடு எங்ஙனம் செய்வது என்பது மற்றொரு வினா. இறந்த உயிரை எவ்வரசாலும் திருப்பித் தர இயலாது. ஆயின், இழந்து நிற்பவர் உயிரோடு இருக்கின்றனர். அவர்க்கு உறைவிடமும், உணவும், உடன் நடக்கும் துணையும், மெய்யை ஏற்கும் சொல்லும் தருதல் இயலும். கண்ணகி வேங்கை மர நிழலை நாடிச் சென்றது இவற்றுள் ஒன்றும் கிடையாமையால்தான்.

செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து கண்ணகிக்குக் கோயில் எடுத்தான். அது நன்று, போற்றுதற்குரியது. எனினும், தெய்வமாக்கி வணங்குதல் அவள் இறந்தபின் நிகழ்ந்தது. மதுரைத் தெருவில் அவள் வினவிய வினா வாழ்ந்திருந்தபோது எழுந்தது. சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், வழக்குரை காதையோடு நின்றுவிடாது கட்டுரை காதையையும் மாணவர்முன் விரித்து வைத்தல் வேண்டும். மன்னன் வீழ்ந்தான் என்று எழுதி முடிக்கும் மாணவன், அதன்பின் அப்பெண் எங்கே சென்றாள் என்று ஒருமுறை கேட்பானாயின், காப்பியத்தின் பயன் அவன் வாழும் ஊருக்கும் வந்து சேரும்.